காலிபியே கணவாய் திறந்த ஞாயிறு

1

இன்று காலை எதிர்வீட்டு மதாம் ரோஷே தன் சன்னலை விரியத் திறந்துகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "ரெஜினா! கொல் திறந்தாச்சு!"

அடுப்பில் தோசை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு நானும் சன்னலுக்கு ஓடினேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்! எங்க வீட்டுக்காரர் இப்பதான் மேலேயிருந்து எறங்கி வந்தாரு."

ஆளுக்கொரு சன்னலில் நின்று இரண்டு பேரும் கைதட்டினோம். கீழே சைக்கிளில் போன தபால்காரர் எங்களை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தோசை தீய்ந்துவிட்டது. போகட்டும்.

எங்கள் ஊர் மரக்காணத்தில் இதைப் படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். இங்கே யாரும் யாரையும் கொல்லவில்லை. 'கொல்' என்றால் பிரெஞ்சில் மலைக்கணவாய். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று, வழியெல்லாம் அம்புக்குறி போட்ட பலகைகளில் இருந்ததை என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கொல், கொல் என்று அவர் படிக்கப் படிக்க, நான் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டேன். ஊர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு ஜூன் மாதத்தில், இந்தக் கணவாய் திறக்குமா திறக்காதா என்று நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அப்படி வரவில்லை.

2

நாங்கள் இருப்பது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், மோரியேன் என்ற பள்ளத்தாக்கில், சேன் மிஷேல் என்ற சின்ன ஊர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோடு ரயில், ரயிலோடு சாலை, சாலையோடு நாங்கள். குளிர்காலத்தில் சூரியன் ஒரு மலைக்குப் பின்னாலிருந்து தாமதமாக எழுந்து, மதியம் தாண்டியதும் இன்னொரு மலைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் சவரிமுத்து இங்கே அலுமினியத் தொழிற்சாலையில் உலை பார்க்கிறார். அவர் புதுச்சேரியை ஒட்டிய பெரிய முதலியார்சாவடிக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்.

மரக்காணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டை. உப்புப் பாத்தி ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தாலும் மேஸ்திரி கத்துகிற ஊர். கல்யாணம் வரைக்கும் அப்பாவின் பாத்திகளில் உப்பு வாரியவள் நான். எனக்குத் தெரிந்த மேடு பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஒன்றுதான். அதில் சைக்கிளை மிதித்தே ஏறிவிட்டால் வீரன், இறங்கித் தள்ளினால் அன்றைக்குப் பூரா கிண்டல்.

இரண்டு சிகரங்களுக்கு நடுவே மலை தாழ்ந்து வழிவிடுகிற இடம்தான் கணவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தாழ்ந்த இடம் என்றதும் நான் நம்பிவிட்டேன். காலிபியே என்ற இந்தத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உச்சியில் மலையைக் குடைந்து, ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்துக்கு ஒரு சுரங்கம். எங்கள் ஊரிலிருந்து முதலில் டெலிகிராஃப் என்று ஒரு சின்னக் கணவாய் ஏற வேண்டும். பிறகு வல்லுவார் என்ற ஊருக்கு இறங்க வேண்டும். இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறியதை எதற்கு இறங்குகிறோம் என்று கேட்கக் கூடாது. அங்கிருந்து மறுபடி ஏறி, சுரங்கத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் லோதாரே கணவாய் வழியாக இறங்கினால் பிரியான்சோன் நகரம் வரும். மொத்தம் எழுபது கிலோமீட்டர். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்த் திரும்புகிற தூரம்.

ஆனால் அக்டோபரில் பனி விழுந்து மூடினால், ஜூன் வரைக்கும் அந்த வழி கிடையாது. அந்தப் பிரியான்சோனில்தான் எங்கள் மகள் அமலி இருந்தாள்.

3

அமலிக்கு மூன்று வயதிலிருந்து இழுப்பு. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தால் போதும், நெஞ்சுக்குள் சீட்டி ஊத ஆரம்பித்துவிடும். உப்பள வரப்பில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவள் ஓரமாக உட்கார்ந்து, யார் யாரைத் தொட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வாள். தீர்ப்பையும் முழு மூச்சாகச் சொல்ல முடியாது. "தொட்டுட்டா... அவ தான்... அவுட்டு" என்று நடுநடுவே நிறுத்துவாள். பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கும். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

இங்கே வந்த பிறகும் இழுப்பு விடவில்லை. பள்ளத்தாக்குக்குள் புகை தங்கிவிடுகிறது. "பிரியான்சோன் காத்து காஞ்ச காத்து. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே அங்க விடுதி இருக்குது. ஒரு வருஷம் விடுங்க" என்று மருத்துவர் சொன்னார். கன்னியர் நடத்தும் விடுதி, உள்ளேயே பள்ளிக்கூடமும் உண்டு. ஏழு வயதுகூட ஆகாத பிள்ளையை மலைக்கு அந்தப் பக்கம் விடுவதா என்று இரண்டு வாரம் யோசித்தேன். மூன்றாவது வாரம் இழுப்பு வந்து அவள் உதடு நீலமானது. யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

செப்டம்பரில் பஸ்ஸில் கணவாய் வழியாகவே கூட்டிப்போனோம். அன்றுதான் என் வீட்டுக்காரருக்கு உயரம் ஆகாது என்று தெரிந்தது. ஆயிரம் டிகிரி உலைக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷன், மூன்றாவது வளைவிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு செபமாலையை எடுத்துவிட்டார்.

"ரெஜினா, பஸ்ஸு ரோட்டு மேல போவுதா, காத்து மேல போவுதா? பாத்துச் சொல்லு."

"ரோட்டு மேலதாங்க போவுது."

"பொய் சொல்லாத. என் வயிறு சொல்லுது."

அமலி அவர் மடியில் உட்கார்ந்து இமையைப் பிரித்துப் பார்த்தாள். "அப்பா, கண்ணத் தொறங்கப்பா. ஆடு நிக்குது பாருங்க."

"ஆட்டுக்கு நாலு காலும்மா. அது நிக்கும்."

விடுதி வாசலில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்க்கலாம் என்று தலைமைச் சிஸ்டர் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

4

அக்டோபர் கடைசியில் பஸ் சீட்டு வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் "கொல் மூடியிருக்குது மதாம்" என்றாள். பிரெஞ்சில் சட்டைக் காலருக்கும் கொல் என்றுதான் பெயர். அந்த அர்த்தம்தான் அப்போது எனக்குத் தெரியும். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோட்டுக் காலர் பொத்தான் சரியாகப் போட்டிருந்தது. எவ்வளவு கவனித்துச் சொல்கிறாள் என்று உருகிப்போய், "ஆமாங்க, குளிருதுல்ல, அதான் மூடியிருக்கேன். ரொம்ப நன்றி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பின்னால் நின்ற மதாம் ரோஷேதான் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, விஷயத்தை விளக்கினாள். எங்கள் சிநேகம் அந்தச் சுவரில்தான் ஆரம்பித்தது.

தமிழில் எழுதினாலாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. "கணவாய் மூடிவிட்டது, ஆறு ஏழு மாதத்துக்குக் கிடைக்காது, எனக்குச் சோறு இறங்கவில்லை" என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அண்ணி லூர்து அனுமந்தைக்காரி, மீன்காரக் குடும்பம். அவளுக்குக் கணவாய் என்றால் கடலில் பிடிக்கிற கணவாய் மீன்தான். அவள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய பதில் வந்தது: "கணவாய் கெடைக்கலன்னா அதுக்காகச் சோறு தின்னாம இருப்பாங்களா? அந்த ஊருல வேற மீனே இல்லியா? நீ இங்க இருந்த வரைக்கும் கணவாய தொட மாட்டியே, மறுபடி ஏதாச்சும் விசேஷமா?" கடைசி வரியைப் படித்ததும் என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

அவர் கதை தனி. சவரிமுத்து என்ற பெயர் தொழிற்சாலையில் யார் வாயிலும் நுழையவில்லை, சவரி என்று சுருங்கிவிட்டது. பிரெஞ்சில் 'சவரி' என்று சொன்னால் 'அது மாறும்' என்று அர்த்தம். எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதேதான் நடக்கும்.

"உங்க பேரு?"

"சவரி."

"பேரு எப்படி முசே மாறும்?"

மூன்று வருடமாகப் பொறுமையாக எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5

குளிர்காலத்தில் பிரியான்சோனுக்கு இரண்டு சுற்று வழிகள் உண்டு. ஒன்று ரயிலில் மலையைக் குடைந்து இத்தாலிக்குள் போய், அங்கிருந்து பஸ்ஸில் மோன்ஜெனேவ்ர் கணவாய் ஏறி மறுபடி பிரான்சுக்குள் வருவது. பக்கம்தான். ஆனால் எல்லை தாண்டப் பாஸ்போர்ட் வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், இங்கே பதிவேட்டில் புருஷன் பெயர். இரண்டையும் ஒன்றாக்குவதற்காக நானே அதைத் தூதரகத்துக்கு அனுப்பிவைத்திருந்தேன், ஜூன் வரைக்கும் அது திரும்பி வரவில்லை. பிப்ரவரியில் அவர் மட்டும் அந்த வழியில் போய் வந்தார். அந்தக் கணவாயிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனாராம், சுங்க அதிகாரி உடம்புக்கு என்ன என்று கேட்டாராம்.

இன்னொன்று ஷாம்பேரி, கிரெனோபிள் என்று பாதி நாட்டைச் சுற்றி, லோதாரே வழியாகப் போவது. டிசம்பரில் அப்படிப் போனோம். லோதாரேவுக்குக் கீழே பனிச்சரிவு அபாயம் என்று பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். அமலிக்காகச் சுட்ட முறுக்கைத் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் இருந்தவர்களே தின்றார்கள். மார்ச்சில் நான் தனியாகப் போனேன். பஸ் தாமதம். ஐந்து மணிக்குக் கதவை மூடுகிற இடத்தில் நாலு இருபதுக்குப் போய் நின்றேன்.

நாற்பது நிமிடம். அமலி வளர்ந்திருந்தாள், கன்னம் சிவந்திருந்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. என் மகள் பேச, பக்கத்தில் நின்ற சிஸ்டர் அதையே எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கிளம்பும்போது "டாட்டாம்மா" என்றாள். டாட்டாவை எந்த மொழியில் சேர்ப்பது என்று கிரெனோபிள் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்தேன். கணவாய் திறந்தால் யார் சீட்டையும் பஸ்ஸையும் பார்த்து நிற்கக் கூடாது என்று முடிவு. அவரை ஓட்டச் சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். மதாம் ரோஷேயின் தம்பி தன் பழைய ரெனோ காரைக் கொடுத்தார். கத்ரெல் என்பார்கள். கியர் கம்பி குடைக் கைப்பிடி மாதிரி முன்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தேர்வில், வலதுபக்கம் திரும்பச் சொன்னதற்கு நேராகப் போய்ப் பேக்கரி வாசலில் நிறுத்தினேன். பிரெஞ்சில் வலதுக்கும் நேருக்கும் ஏறக்குறைய ஒரே சொல். இரண்டாவது தேர்வு மே மாதம். தேறினேன். வல்லுவார் வரைக்கும் சாலை குளிர்காலத்திலும் திறந்தே இருக்கும். தினமும் அதுவரைக்கும் போய், அங்கே சாலைக்குக் குறுக்கே போட்டிருந்த கம்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

6

மே கடைசியில் அமலியிடமிருந்து கடிதம் வந்தது. ஜூன் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். இரண்டு பேரும் வர வேண்டும் என்று பிரெஞ்சில் எழுதி, 'இரண்டு பேரும்' என்பதற்கு அடியில் சிவப்புப் பென்சிலால் மூன்று கோடு போட்டிருந்தாள்.

அவருக்குச் சனிக்கிழமை இரவு வேலை. உலையை அணைக்கவே முடியாது. ஏற்கெனவே இரண்டு பேர் விடுப்பு. ஞாயிறு காலை ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவார். ஐந்திலிருந்து பத்துக்குள் இரண்டு பேரும் அங்கே நிற்க வேண்டுமானால் ஒரே வழி காலிபியே. அது திறக்காவிட்டால் நான் மட்டும் சனிக்கிழமை காலை ரயிலில் சுற்றுவழியில் போக வேண்டும்.

மதாம் ரோஷேயின் வீட்டுக்காரர்தான் சாலைத்துறையில் பனி வாரும் அணிக்குத் தலைவர். அதிகம் பேச மாட்டார். தினமும் சாயங்காலம் அவர் வண்டி வந்து நின்றதும் நான் சன்னலுக்கு வருவேன். அவர் மீதியிருக்கும் வளைவுகளை விரலில் காட்டுவார். ஏழு. ஐந்து. வெள்ளிக்கிழமை இரண்டு விரல்.

"அப்ப நாளைக்கு முடிஞ்சிடுமா முசே? நிச்சயமா?"

"அப்படிச் சொல்லாதீங்க மதாம். மலைக்குக் காது உண்டு."

சனிக்கிழமை காலை பெட்டியோடு ரயிலடியில் நின்றேன். ரயில் வந்தது, கதவு திறந்தது. மூன்று சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. கதவு மூடியது, ரயில் போனது. நான் நடைமேடையில் தனியாக நின்றுகொண்டு, "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட" என்று என்னையே சத்தமாகத் திட்டினேன்.

அன்று சாயங்காலம் முசே ரோஷே விரல் எதுவும் காட்டவில்லை. நேராக எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். சுரங்கம் வரைக்கும் பாதை வெட்டியாகிவிட்டது, அந்தப் பக்கமும் வெட்டி முடித்துவிட்டார்கள், ஆனால் மத்தியானம் ஒரு வளைவில் பனி சரிந்து மூடிவிட்டது, முறைப்படி திறப்பதற்கான தாளும் திங்கட்கிழமைதான் வரும் என்றார். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தொப்பியைக் கையில் உருட்டினார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு அந்தச் சரிவை வார எங்க வண்டி போவுது. பின்னாடி ஒரு கார் வந்தா, நான் கண்ணாடியில பாக்க மாட்டேன்" என்றார்.

"பாப்பாரு, பாப்பாரு" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற மதாம் ரோஷே. "அந்தப் பொண்ணு பத்திரமா வர்றாளான்னு நான் பாக்கச் சொல்லியிருக்கேன்."

7

ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டார். நான் நீலப் பட்டுப்புடவை, மேலே குளிர்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். முன்னால் பெரிய மஞ்சள் வண்டி, பின்னால் எங்கள் கத்ரெல். டெலிகிராஃப் ஏறும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார்.

வல்லுவாருக்கு அப்பால் கம்பம். கம்பத்தருகே ஒரு இளம் போலீஸ்காரர். முசே ரோஷேயின் வண்டிக்குத் தூக்கிய கம்பத்தை எங்களுக்கு இறக்கிவிட்டார். என் பக்கம் வந்து குனிந்தார்.

"மதாம், கணவாய் தெறந்திருக்குதா, மூடியிருக்குதான்னு பலகையில பாத்தீங்களா?"

போலீஸ்காரர் குரல் கேட்டதும் பக்கத்தில் கண்ணை மூடியிருந்த மனுஷன், வழக்கம்போலப் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்கச் சொன்னார்:

"சவரி, முசே!"

திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டவருக்கு 'அது மாறும்' என்று பதில். போலீஸ்காரர் அவரைப் பார்த்தார், பட்டுப்புடவையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். இறங்கி வந்த முசே ரோஷே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போலீஸ்காரருக்கும் அடக்க முடியவில்லை. "சரிதான் முசே, எட்டு வருஷமா நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன்" என்று கம்பத்தைத் தூக்கிவிட்டார். என்ன நடந்தது என்று என் வீட்டுக்காரருக்கு அடுத்த வளைவில்தான் புரிந்தது.

அதற்கு மேலே பனிச் சுவர். இரண்டு பக்கமும் காரைவிட உயரமாக, கத்தியால் வெட்டியது போல நேராக. பார்க்க உப்பு மாதிரி இருக்குமே என்பீர்கள். இல்லை. உப்பு வெயிலில் பொறிப்பொறியாக மின்னும். இது உள்ளுக்குள் நீலமாக, யாரோ பின்னால் விளக்கு வைத்தது போல இருந்தது. தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். பள்ளம் தெரியவே இல்லை.

"ஏங்க, கண்ணத் தொறங்க. ஒண்ணும் தெரியாது. சுவருதான் இருக்குது."

ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. அப்புறம் கண்ணாடியை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டிச் சுவரைக் கீறிக்கொண்டே வந்தார். "ரெஜினா! நான் மேல வந்துட்டேன்! கண்ணத் தொறந்துக்கிட்டு வந்துட்டேன்!" என்று கத்தினார். நான் ஆரனை அடித்தேன். முன்னால் போன மஞ்சள் வண்டியும் பதிலுக்கு அடித்தது. இரவு முழுக்கத் தூங்காத மனுஷன் கோயில் பாட்டு ஒன்றைத் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

சரிவு வந்தது. இயந்திரம் பனியைச் சுழற்றிப் பள்ளத்தில் வீச ஆரம்பித்தது. ஓரத்தில் விழுந்து கிடந்ததை ஆட்கள் கையால் வாரினார்கள். மணி ஏழரை, எட்டு, எட்டேகால். என்னால் உட்கார முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு மண்வாரியை எடுத்தேன். குனிந்து, இழுத்து, ஒதுக்கி, குனிந்து, இழுத்து, ஒதுக்கி. இத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. முசே ரோஷே நின்று பார்த்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க மதாம்?"

"மரக்காணத்துல."

"அது எந்தக் கணவாய்?"

சிரித்ததில் மண்வாரியைக் கீழே போட்டுவிட்டேன். எட்டரைக்கு வழி கிடைத்தது.

சுரங்கத்துக்குள் இருட்டு, தண்ணீர் சொட்டும் சத்தம். வெளியே வந்தால் வேறு ஒரு உலகம். தெற்குப் பக்கம் வெயில் படுகிற பக்கம், இரண்டு வளைவுக்கு மேல் சுவரே இல்லை. எதிரே வானம் முட்ட மலைவரிசை, அதிலிருந்து தொங்கும் பனியாறுகள், காலடியில் அடி தெரியாத பள்ளம். என் வீட்டுக்காரர் "இயேசுவே" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டார். எனக்கோ உயரமா சந்தோஷமா தெரியவில்லை, தலை கிறுகிறுத்தது. கால்வாய்ப் பாலத்தில் சைக்கிள் தள்ளிய நான், ஆல்ப்ஸ் மலையில் கார் ஓட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன்! வளைவுக்கு வளைவு சிரித்தேன்.

"ஏன் சிரிக்கிற?" என்று கோட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பிரேக் இருக்குதில்ல?"

8

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கோயிலுக்குள் நுழைந்தோம். ஈர பூட்ஸ், முழங்கால் வரை நனைந்த பட்டு, கல்யாணக் கோட்டில் பனித்துகள். பிள்ளைகள் வெள்ளை அங்கியில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அமலி திரும்பினாள். ஒரு விரல், இரண்டு விரல் என்று எண்ணி, இரண்டு பேரும் வந்துவிட்டோம் என்று பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினாள். அவள் நன்மை வாங்கியபோது நான் ஒன்றும் பார்க்கவில்லை, கண் மறைத்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைமைச் சிஸ்டர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு படிவம் இருந்தது. ஜூலையோடு பிள்ளையைக் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளுடைய கட்டிலுக்குப் புது விரிப்புகூடத் தைத்துவைத்திருந்தேன்.

"நல்லா தேறியிருக்கா. ஆனா இன்னும் ஒரு வருஷம் இருந்தா முழுசாத் தேறிடுவா. முடிவு உங்களோடது" என்றார் சிஸ்டர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அமலியைப் பார்த்தேன். தமிழில் கேட்டேன்.

"உனக்கு வீட்டுக்கு வர வேணாமா?"

அவள் யோசித்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள்: "வர்றேம்மா. இன்னும் ஒரே ஒரு... நேஜ் இருந்துட்டு வர்றேன். எனக்கு... சறுக்கக் கத்துத் தர்றாங்க."

நேஜ் என்றால் பனி. இப்படிக் கொட்டிக் குவிகிற பனிக்கு அவளிடம் தமிழ்ச் சொல் இருந்ததே இல்லை. மரக்காணத்தில் அதற்கு வேலையில்லை. மற்றதெல்லாம் தமிழ். எனக்கு வலித்தது, பெருமையாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஜூனில் வீட்டுக்கு வந்துவிட்டாள், இப்போது இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணி கவலைப்படுவாள்.

அன்று மத்தியானம் அமலி எங்களைக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போனாள். பிரியான்சோனில் மலைமேல் பழைய கோட்டை, அதற்குச் செங்குத்தான கற்படிகள். அவர் கீழே முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "நான் இங்கருந்தே பாத்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"வாம்மா, ஓடலாம்" என்றாள் அமலி.

அவள் ஓடினாள். வெள்ளை அங்கி காற்றில் பறக்க, படி படியாக, நிற்காமல், ஒரு தடவைகூட நிற்காமல் ஓடினாள். நான் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றுவிட்டேன். அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"வாயால இழுக்காத. மூக்கால இழு. மெதுவா வுடு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

இழுத்தேன். விட்டேன். உச்சிக்கு வந்தபோது நான்கு பக்கமும் மலை. அவள் முகத்தில் வியர்வை இருந்தது, நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. கீழேயிருந்து அவர் கையைக் குவித்துக் கத்தினார்: "அமலி! மேல இருந்து என்னா தெரியுது?"

அவள் சுவரில் சாய்ந்து, கையை ஒவ்வொரு திசையாக நீட்டி, ஒரே மூச்சில் கத்தினாள்:

"அது இசோவார்! அது மோன்ஜெனேவ்ர், அது தாண்டினா இத்தாலி! அதோ அந்தப் பக்கம் லோதாரே! லோதாரேவுக்குப் பின்னால காலிபியே! அதுக்குப் பின்னால நம்ம வீடுப்பா!"